கன்னத்தில் ஒதுங்கிய மாத்திரை

அத்தியாயம் பதினொன்று

“கண்ணாடி, கையை நீட்டு.”

காலைச் சாப்பாடு முடிந்ததும் கணவன் சொல்லும் வாக்கியம் அது. ஆறு வருடமாக அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் என்பதால் அவளுக்கு அவன் வைத்த பெயர் கண்ணாடி.

அவள் கையை நீட்டினாள். மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவன் வண்டிச் சாவியைத் தேடப் போனான்.

மாத்திரை கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒதுங்கியிருந்தது. ஓரம் கரைந்து கசந்தது.

கை கழுவுகிறவள் போல வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். துப்பினாள். தண்ணீரோடு மஞ்சளாகச் சுழன்று ஓடி மறைந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, எதிரே மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள்.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவளுக்கு ரத்தப் புற்றுநோய். நேரில் பார்த்தால் நம்பமாட்டீர்கள். முடி கொட்டவில்லை. ஆள் இளைக்கவில்லை. வேலைக்குப் போகிறாள், புருஷனோடு சண்டை போடுகிறாள், மாமனாரின் ஜோக்குகளுக்குச் சிரிக்கிறாள். எல்லாம் அந்த ஒற்றை மாத்திரையின் தயவு. அதைத்தான் ஒரு மாதத்துக்கும் மேலாக அவள் துப்பிக்கொண்டிருக்கிறாள். காரணம் அவள் வயிற்றில் வளர்கிறது. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

“இன்னைக்கு ரிசல்ட்தானே? நானும் வரேன்” என்றான் கணவன், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே.

“நீங்க எதுக்கு? உங்களுக்கு வேலை இல்லையா? நான் போய்ட்டு ஓடி வந்துடுவேன்.”

“லீவு சொல்லிட்டேன். ரெண்டு வாரமா நீ சரியில்ல. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. அந்த மாத்திரையை மாத்திக் குடுங்கன்னு டாக்டரம்மாகிட்ட நானே சண்டை போடப்போறேன்.”

சாய்வு நாற்காலியிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் பேசினாலும் இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் பேசுவது போலத்தான் பேசுவார்.

“சண்டை எதுக்குடா? என் மருமக எந்தப் பரீட்சையில பெயிலாயிருக்கா? போய் மார்க்கை வாங்கிட்டு வாங்க. மதியம் சமையல் என்னோடது.”

“ஐயோ, அப்ப நாங்க ஆஸ்பத்திரியிலயே சாப்பிட்டு வந்துடறோம்” என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

வண்டியில் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போனாள். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், இதே ஆஸ்பத்திரியில், இதே டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“உங்க எலும்பு மஜ்ஜையில ரெண்டு குரோமோசோம் உடைஞ்சு, ஆள் மாறி ஒட்டிக்கிச்சு. அதனால ஒரு புதுப் புரதம் உண்டாகுது. கைனேஸ்ங்கற வகை. சுவிட்ச் மாதிரின்னு வச்சுக்குங்க. நல்ல சுவிட்சு போட்டா எரியும், அணைச்சா அணையும். இது அணையவே மாட்டேங்குது. பெருகு, பெருகுன்னு வெள்ளணுக்களுக்கு உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கு.”

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் முகத்தில் அன்று முதல் முறையாக ஏதோ புரிந்த களை வந்தது. “எங்க வேலையில இதைக் கான்டாக்டர், அதான் மோட்டார் சுவிட்சு, ஒட்டிக்கிச்சுன்னு சொல்வோம், டாக்டர். பட்டன்ல இருந்து கையை எடுத்தாலும் லிஃப்ட் நிக்காது. மேல போய்க்கிட்டே இருக்கும்.”

“அதேதான். அந்த சுவிட்சுக்குச் சக்தி வந்து உக்கார ஒரு குழி இருக்கு. இந்த மாத்திரை போய் அந்தக் குழியில உக்காந்துக்கும். சக்திக்கு இடம் இருக்காது. சுவிட்சு அணைஞ்சுடும். பழைய மருந்துங்க மாதிரி நல்ல செல்லு கெட்ட செல்லுன்னு பாக்காம எல்லாத்தையும் அடிக்காது. ஆனா ஒண்ணு, மாத்திரை எழுந்து போனா சுவிட்சு மறுபடி எரியும். ஒரு நாள்கூட விடக்கூடாது.”

அன்றைக்கு மாத்திரைப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டவன்தான். இன்றுவரை அதை அவளிடம் தரவில்லை.

கடைசியாக டாக்டரம்மா சொன்னதும் நினைவிருக்கிறது. “இதைச் சாப்பிடற வரைக்கும் குழந்தை உண்டாகக்கூடாது. வளர்ற கருவுக்கும் அது மாதிரி சில சுவிட்சுங்க வேணும். மாத்திரைக்கு அந்த வித்தியாசம் முழுசாத் தெரியாது. ரத்தத்துல நோயோட அளவைச் சொல்ற எண் நல்லா கீழ இறங்கி, ரெண்டு வருஷம் அங்கேயே நின்னா, நிறுத்திப் பாக்கலாம்.”

எண் இறங்கியது. ஆனால் டாக்டரம்மா கேட்ட ஆழத்துக்கு இறங்கவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு, எல்லாக் காவலையும் மீறி, தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது இது.

*

டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடி இடது பக்கம் சரிந்திருந்தது. மூக்கில் அழுந்தும் அந்தச் சின்னத் திண்டு வளைந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால், “கொடுங்க டாக்டர்” என்று வாங்கி விரலாலேயே நிமிர்த்தியிருப்பாள்.

டாக்டரம்மா கணினியைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“எண் ஏறியிருக்கு.”

“எவ்வளவு?” என்றான் கணவன்.

“போன தடவை அரை சதவீதம்கூட இல்ல. இப்ப ஏழு.”

“ஏழுன்னா...”

“திடீர்னு இவ்வளவு ஏறக்கூடாது.” டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். “மாத்திரை விடாம சாப்பிடறீங்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“நானே என் கையால குடுக்கறேன், டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல. எங்கம்மா செத்த அன்னைக்கு, அவங்களைக் கூடத்துல படுக்க வச்சிருக்கறப்பகூட, இவளைத் தனியா கூட்டிட்டுப் போய் ரெண்டு வாய் சாப்பிட வச்சு மாத்திரை குடுத்தேன். இன்னைக்குக் காலையில, இதோ, இந்தக் கையால.”

கையை நீட்டிக் காட்டினான். கிரீஸ் கறை நிரந்தரமாக ஏறிய விரல்கள். அவள் குனிந்துகொண்டாள்.

“வேற ஏதாவது? நாட்டு மருந்து, பொடி, லேகியம்?”

“தொடமாட்டா.”

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப குழியோட வடிவமே மாறியிருக்கலாம். இந்த நோய்க்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. மாத்திரை உக்கார்ற இடத்தைக் கொஞ்சம் கோணலாக்கிடும். மாத்திரை பொருந்தாது. என்ன மாதிரி மாறியிருக்குன்னு ஒரு டெஸ்ட் அனுப்பறேன். சில மாற்றத்துக்கு வேற மாத்திரை இருக்கு. ஒரு மாற்றம் மட்டும் பொல்லாதது. அதுக்கு ரொம்பப் பலமான மருந்துதான் கேக்கும். அது இதயத்து ரத்தக்குழாயைப் பதம் பாத்துடும். அதுவும் சரிப்படலன்னா மஜ்ஜை மாத்தறதைப் பத்தி யோசிக்கணும். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு அண்ணன்” என்றான் அவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

“பேச்சுவார்த்தை உண்டா?”

அவன் மடியிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. மாத்திரை தோற்கவில்லை டாக்டர், நான்தான் அதை உள்ளே விடவில்லை. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் இன்று சாயங்காலமே...

“புது மாத்திரை தொடங்கறதுக்கு முன்னாடி கர்ப்பம் இல்லன்னு ஒரு சோதனை. எல்லாப் பொண்ணுங்களுக்கும் பாக்கறதுதான்” என்றார் டாக்டரம்மா.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல, டாக்டர்” என்றான் கணவன். “அந்த ஆசையை நாங்க மூட்டை கட்டி வச்சாச்சு.”

நர்ஸ் அவள் கையில் மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பைத் திணித்தாள். இன்னொரு கையில் ஊசி குத்தி ரத்தமும் எடுத்துக்கொண்டாள்.

கழிப்பறையில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். குழாயைத் திறந்தாள். கப்பில் கால்வாசி தண்ணீர் பிடித்தாள். மூடப் போனபோது பாதி புடவையில் சிந்தியது. மறுபடி பிடித்து மூடியை இறுக்கினாள்.

நர்ஸ் அதை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

தப்பித்துவிட்டோமா? எதிலிருந்து? யாரிடமிருந்து? வராந்தாவில் கணவனைத் தேடிக்கொண்டு நடந்தாள்.

*

வராந்தாவின் கோடியில், ஜன்னல் ஓரமாக நின்று, அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது.

“மச்சான், நான்தான். வச்சுடாதீங்க. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய அண்ணனோடு அவன் பேசி நாலு வருடம் ஆகிறது. உன் வீட்டுக்கு வாழ வந்த பிறகுதான் என் தங்கச்சிக்கு இந்த வியாதி வந்தது என்று அண்ணன் ஒரு நாள் நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டான். உடனே கணவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அன்றோடு முறிந்த உறவு. அவள் இரண்டு பக்கமும் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

“நீங்க சொன்னது சரிதான், மச்சான். நான் அவளைச் சரியா பாத்துக்கல. ஒத்துக்கறேன். கைதான் நீட்டினேன் அன்னைக்கு. இப்பக் கால்ல விழறேன். அவளுக்கு மாத்திரை கேக்காமப் போச்சு... ஆமா... டாக்டர்தான் சொன்னாங்க. உங்க மஜ்ஜை வேண்டியிருக்கும். உங்களைத் தவிர அவளுக்கு யாரு இருக்கா? என்மேல இருக்கற கோவத்தை என்மேல காட்டுங்க. நடு ரோட்டுல நிக்க வச்சுச் செருப்பால அடிங்க. அவளை விட்டுடாதீங்க, மச்சான்...”

அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னானோ. இவன் பேச்சு நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி உட்கார்ந்தான். பத்துமாடி ஆழத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறவன், ஆஸ்பத்திரித் தரையில் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

போகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. கிட்டே போய் அவன் தோளைத் தொட்டாள்.

“எந்திரி. படிக்கட்டுப் பக்கம் வா.”

நாலு பேர் முன்னால் ‘நீங்க’ என்றுதான் சொல்வாள். ‘வா, போ’ எல்லாம் கதவைச் சாத்திய பிறகுதான். அந்த வித்தியாசம் அவனுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

படிக்கட்டின் திருப்பத்தில் யாரும் இல்லை.

“மாத்திரை தோக்கல. நான் சாப்பிடல.”

“என்ன?”

“மாத்திரையை நான் சாப்பிடறதில்ல. கன்னத்துல ஒதுக்கி வச்சுட்டு, நீ அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவேன்.”

அவன் அவளைப் பார்த்தான். புரியாத பாஷையில் எழுதிய பலகையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“இன்னைக்குக் காலையில குடுத்தேனே.”

“துப்பிட்டேன்.”

“நேத்து?”

“நேத்தும்.”

“ஏன்?”

அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. அவன் கண் அந்தக் கையோடு இறங்கியது. அங்கேயே நின்றது.

“அப்ப அந்த வாந்தி...”

“மாத்திரையால இல்ல.”

அவன் சிரித்தான். கேட்கவே பயமாக இருந்தது அந்தச் சிரிப்பு. “உன் முதுகைத் தடவிக்கிட்டே அந்த மாத்திரையைத் திட்டினேனேடி. கண்ட கண்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். நீயும் ஆமா ஆமான்னு தலையாட்டின.”

“நான்...”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா கலைக்கச் சொல்லுவ.”

“ஆமா, சொல்லுவேன். இப்பவும் சொல்றேன். முகமே தெரியாத ஒண்ணுக்காக உன்னைத் தூக்கிக் குடுக்கணுமா நான்?”

“எனக்கு முகம் தெரியுது” என்றாள் அவள். “கண்ணை மூடினா தெரியுது. நான் என்ன பண்ண? நானாத் தேடிப் போகல. வேணாம் வேணாம்னு இருந்தப்ப அதுவா வந்தது. இனிமே எனக்கு எப்ப வரும், சொல்லு? இன்னும் ரெண்டு வருஷம், இன்னும் ரெண்டு வருஷம்னு நாப்பதும் தாண்டிடும்.”

“வரலன்னா வரவேணாம்! நான் கேட்டேனா? ஒரு நாள், ஒரு பேச்சுக்காவது, குழந்தை இல்லன்னு உன்னைக் குறை சொல்லியிருக்கேனா?”

“நீ கேக்கல. நான் கேக்கறேன்.”

அவன் கைப்பிடிச் சுவரில் ஓங்கிக் குத்தினான். சத்தம் படிக்கட்டு முழுவதும் இறங்கிப் போனது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

“துப்பினதைக்கூட விடு. என் கையை ஏமாத்திட்டியே. தினமும் காலையில இந்தக் கையாலதான் நீ உயிரோட இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். அவன் அவளைத் தொடவில்லை. மேலே ஏறினான். டாக்டரம்மாவின் அறைக்குத்தான் போகிறான் என்று தெரிந்து அவளும் பின்னால் ஓடினாள்.

*

அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

“உள்ள வாங்க. லேப்ல இருந்து போன் வந்துடுச்சு. நீங்க குடுத்தது குழாய்த் தண்ணியாம். கர்ப்பம் இல்ல, உப்புகூட இல்லன்னு சொல்றாங்க.” கோபமா, கேலியா என்று தெரியாத குரல். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் குரல் இறங்கியது. “எத்தனையாவது வாரம்?”

“பத்து முடிஞ்சிருக்கும், டாக்டர்.”

“மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?”

“தெரிஞ்ச அன்னைக்கே.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நல்ல செய்தியை முதல்ல சொல்லிடறேன். குழி மாறல. மறுபடி சாப்பிட ஆரம்பிச்சா அதே மாத்திரை திரும்ப வேலை செய்யறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு.”

கணவன் விட்ட மூச்சு அறை முழுவதும் கேட்டது.

“முடிச்சுடலாம், டாக்டர்” என்றான்.

“மாட்டேன்” என்றாள் அவள், அவன் முடிப்பதற்குள்.

“நான் இன்னும் கேள்வியே கேக்கல” என்றார் டாக்டரம்மா. “இப்பக் கெட்ட செய்தி. நீங்க நிறுத்தறதுக்கு முன்னாடி முதல் சில வாரம் குழந்தை மேல மாத்திரை பட்டிருக்கு. நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகல. சிலருக்கு எலும்புல, வயித்துச் சுவர்ல குறை வந்திருக்கு. உங்களுக்கு எதுன்னு இப்பச் சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச வாரம் போனா ஸ்கேன்ல ஓரளவு தெரியும். முழுசா தெரியாது. அதுவரைக்கும் மாத்திரை கிடையாது. வாராவாரம் ரத்தம் பாப்போம். வெள்ளணு ஏறினா ஒரு ஊசி இருக்கு. அது குழந்தைக்கு அவ்வளவா கெடுதல் இல்ல. ஆனா மாத்திரை மாதிரி குறி பாத்து அடிக்காது. காய்ச்சலும் உடம்பு வலியும் பிழிஞ்சு எடுத்துடும்.”

“அந்த ஊசியும் கேக்கலன்னா?” என்றான் அவன்.

“நோய் வேகம் பிடிக்கலாம். அப்படி ஆகறது அபூர்வம். ஆகாதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது.”

“கேட்டியா?” என்று அவள் பக்கம் திரும்பினான். “கேட்டியா?”

“கேட்டேன்.”

“டாக்டர், நீங்க சொல்லுங்க இவகிட்ட. நீங்க சொன்னா கேப்பா. நான் புருஷன். நான் சொல்றேன், இது வேணாம்.”

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நீங்க கோவப்படலாம். கெஞ்சலாம். அழலாம். முடிவு மட்டும் நீங்க எடுக்க முடியாது. உடம்பு அவங்களோடது. யோசிக்கறதுக்கு அவங்களுக்குக் கொஞ்சம் நாள் இருக்கு. ரொம்ப இல்ல. இன்னைக்கு எடுத்த ரத்தத்துல அணுக்கள் எண்ணிக்கை சாயங்காலம் வந்துடும், போன் பண்றேன். இப்ப ஸ்கேன் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.”

ஸ்கேன் அறை வாசலில் போட்டிருந்த பெஞ்சில் அவன் உட்கார்ந்துவிட்டான்.

“உள்ள வரலியா?”

தலையை ஆட்டினான். தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

அவள் மட்டும் போய்ப் படுத்தாள். ஜெல் ஜில்லென்றிருந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு தேடினாள். பிறகு புன்னகையோடு அவள் பக்கம் திருப்பினாள்.

“இதோ பாருங்க. துடிக்குது. சத்தம் போடட்டுமா? கேக்கறீங்களா?”

கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் அவன் காலணிகள் தெரிந்தன. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். பெஞ்சு வரைக்கும் கேட்கும். அதைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியாது. அவள் அவனை அறிவாள். தெருநாய் அடிபட்டால் வண்டியை நிறுத்துகிறவன்.

“முதல்ல கதவைச் சாத்திடுங்க” என்றாள்.

ஏமாற்றியது போதும் என்றிருந்தது அவளுக்கு. கதவு மூடியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. அது குதிரை ஓடுவது போல இருக்கும் என்று கடையில் யாரோ சொன்னதுண்டு. அவளுக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. யாரோ அவசரமாக, மூச்சு வாங்க, தன்னிடம் வந்துகொண்டிருப்பது போல இருந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

*

வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு அவன் வண்டியைத் திருப்பினான்.

“உள்ள வரமாட்டியா?”

“ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. ஒரு லிஃப்ட் பாதியில நின்னுடுச்சாம்.”

“லீவு சொல்லிட்டேன்னு சொன்ன.”

அவன் ஹெல்மெட்டை மாட்டினான்.

“லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறப்ப என்னை நினைக்காத” என்றாள் அவள். “வேலையில மட்டும் கவனம் வை. கெஞ்சிக் கேக்கறேன்.”

வண்டி போய்விட்டது.

மாமனார் மேஜையில் மூன்று தட்டுகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார். “என்ன மார்க்கு?” என்று உற்சாகமாகத் தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

அவரிடம் மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மறைக்கும் தெம்பு தீர்ந்துபோயிருந்தது.

“மாமா, நான் உண்டாயிருக்கேன்.”

கிழவர் முகத்தில் ஏதோ ஒன்று சடாரென்று எரிந்தது. வாய் பாதி திறந்தது. கண் பெரிதானது. கை தானாக உயர்ந்தது, அவள் தலையைத் தொடப்போவது போல.

அரை நொடிதான். அதற்குள் அவருக்கு மாத்திரை ஞாபகம் வந்துவிட்டது. கை பாதியிலேயே நின்றது. முகம் அணைந்தது.

“அப்ப... உன் மருந்து?”

“நிறுத்திட்டேன்.”

“ஐயோ” என்றார். நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார். “எனக்குப் பேரப்பிள்ளையெல்லாம் வேணாம்மா. நான் கேக்கவே இல்லையே. எதையாவது உளறி உன் மனசுல ஆசையைக் கிளப்பிட்டேனா? அந்தப் பக்கத்து வீட்டுப் பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினேனே, அதைப் பாத்தா?”

“இல்ல மாமா.”

“நீ இல்லன்னா அவன் இருக்கமாட்டான். அவன் இல்லன்னா நான் எதுக்கு? என்னால யோசிக்க முடியலம்மா. எனக்கு ஒண்ணும் தெரியல.” எப்போதும் இன்ஜினைத் தாண்டிக் கேட்கும் குரல் அது. இப்போது அவள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

மூன்று தட்டுகளும் அப்படியே ஆறிப்போயின.

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த அரை நொடியை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். இந்தக் குழந்தை வருகிறது என்று கேட்டதும் சந்தோஷப்பட்ட ஒரே முகம் இந்த உலகத்தில் அதுதான். இனிமேல் வேறொன்று கிடைக்குமோ, கிடைக்காதோ.

வெயில் தாழ்ந்தது. மாமனார் எழுந்து குளியலறைக்குப் போன நேரத்தில் அவள் போன் அடித்தது.

“தனியா இருக்கீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“சொல்லுங்க டாக்டர்.”

“வெள்ளணு ஏறியிருக்கு. கர்ப்பத்துல கொஞ்சம் ஏறறது சகஜந்தான். அதனால நானே ஸ்லைடை மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். இன்னும் முதிராத அணுக்கள் ரத்தத்துல வர ஆரம்பிச்சிருக்கு. நான் நினைச்சதைவிட வேகமா இருக்கு. வாராவாரம் ரத்தம் பாத்துக்கிட்டுக் காத்திருக்கலாம்னு சொன்னேன்ல? அது வேணாம். நாளைக்குக் காலையில வாங்க. ஊசியைத் தொடங்கணும், இல்ல வேற முடிவு எடுக்கணும். யோசிச்சு வச்சுக்குங்க.”

“சரி, டாக்டர்.”

“உங்க வீட்டுக்காரர் நம்பருக்கு அடிச்சேன். எடுக்கல. நீங்க சொல்லிடுவீங்கல்ல?”

“சொல்லிடறேன்.”

போனை வைத்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமனார் காதில் எதுவும் விழுந்திருக்காது. இந்த நிமிடத்தில் இந்த வீட்டில் இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நாளைக் காலை அவனை எதையாவது சொல்லி வேலைக்கு அனுப்பிவிட்டு, தனியாகப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அவனிடம் எல்லாம் நார்மல் என்று ஒரு வார்த்தை. அவளுக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே.

கீழே வண்டி நின்றது. அவன் காலடிச் சத்தம் படியேறியது. உயிரோடு திரும்பிவிட்டான். அதன் பின்னால் இன்னொரு காலடி. கனமாக, இழுத்து இழுத்து ஏறும் காலடி. நாலு வருடமாக அந்தச் சத்தத்தை இந்தப் படிகள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தங்கை சாகக் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் வருகிறான்.

இந்தச் செய்தியைக் கேட்டால், குழந்தை வேண்டாம் என்பதில் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். மாமனாரும் அவர்கள் பக்கம்தான் நிற்பார். அவள் பக்கம் நிற்க ஒரு ஆள் இருக்காது.

மணி அடிப்பதற்குள் அவளே போய்க் கதவைத் திறந்தாள். கணவன் நின்றிருந்தான். சட்டை முழுக்க கிரீஸ். கண் வீங்கியிருந்தது. அவன் தோளுக்குப் பின்னால், திருப்பத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணனின் நரைத்த தலை ஏறி வந்துகொண்டிருந்தது.

“டாக்டர் போன் பண்ணாங்க” என்றாள். “வெள்ளணு ஏறிடுச்சு. நாளைக்கே வரச் சொல்றாங்க. உன்கிட்ட மறைக்கல.”